உங்களுக்குத் தெரியுமா? குளத்தின் உயிர் அதன் கரையில்!

யாங்கூன் (ரங்கூன்) நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருக்கிறது கண்டோஜி ஏரி. அதையொட்டி, நகரத்து நீர்நிலைகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் பற்றிச் சில செய்திகள்.

● ரங்கூன் தமிழர்கள் 'ராயல் லேக்' என்று அறிந்த ஏரி இதுதான். இது இயற்கையாக அமைந்ததல்ல. நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுக்க ஆங்கிலேயர் உண்டாக்கிய நீர்த்தேக்கம். 1883-இல் உருவான இன்யா ஏரியிலிருந்து குழாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது.

● ஏரியின் பரப்பு 150 ஏக்கர். சுற்றளவு சுமார் 8 கிலோமீட்டர். ஆழமோ 4 அடிக்குள்தான்! ஆழம் குறைந்த நீரில்தான் வெயில் தரைவரை இறங்கும், பாசி வளரும், மீன்குஞ்சு பிழைக்கும், அதைத் தேடிக் கொக்கு வரும். ஆனால் தண்ணீர் குறைவு என்பதால், கொஞ்சம் சாக்கடை கலந்தாலும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

● குளத்தை 'அழகுபடுத்த' சுற்றிலும் செங்குத்தாகச் சுவர் எழுப்புவது பல ஊர்களில் வழக்கம். அப்படிக் கட்டினால் தவளையால் கரையேற முடியாது. ஆமை வெயில் காய இடமிருக்காது. மடையான் கால் ஊன்றி நிற்கச் சேறு கிடைக்காது. சரிவான மண்கரையும் நாலு புதர் கோரையும் இருந்தால் இவை தாமாக வந்து சேரும்.

● தட்டான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் கழிக்கிறது. அதன் இளம்பருவம் கீழுதட்டை வெடுக்கென நீட்டிக் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். வளர்ந்ததும் ஒரு கோரைத் தண்டைப் பற்றி மேலேறி, முதுகுத் தோல் பிளந்து, சிறகோடு வெளியே வரும். கரைக் கோரையை ஒட்ட வெட்டினால் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்.

● சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில், கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றின் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்தை 2012-இல் புல்லும் பாறையும் உள்ள இயற்கை ஆறாக மாற்றினார்கள். பிறகு அங்கே நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்தன!

● தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகப் பெருகக்கூடியது. நீர்ப்பரப்பை மூடி, வெயிலையும் காற்றையும் தடுத்து, மீன்களை மூச்சுத் திணற வைக்கும். அதை ஒடுக்க 1917-லேயே பர்மாவில் தனிச் சட்டம் போட்டார்கள். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. சாக்கடை வந்துகொண்டே இருந்தால் அதுவே உரமாகி மீண்டும் பெருகும்.

● குளம் முழுவதையும் ஒரே மூச்சில் தூர்வாரினால் நத்தை, புழு, கிழங்கு எல்லாமே போய்விடும். இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறுபாதி என்று வாரினால், விட்டுவைத்த பாதியிலிருந்து உயிர்கள் மறுபடியும் பரவும்.

● அழிந்தே போனதாக நினைத்திருந்த பர்மியக் கூரை ஆமை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கே கண்ணில் பட்டது தெரியுமா? மண்டலேயில் ஒரு பௌத்தக் கோயில் குளத்தில்! பக்தர்கள் பேணிய குளம் ஓர் இனத்தையே காக்க உதவியது. இன்று மியன்மாரின் வளர்ப்பகங்களில் அவை பல நூறாகப் பெருகியிருக்கின்றன.

● புண்ணியம் தேடி மீனையும் ஆமையையும் நீரில் விடுவது மியன்மாரில் பழைய வழக்கம். நல்ல மனசுதான், ஆனால் எதை விடுகிறோம் என்பது முக்கியம். கடையில் விற்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. குளத்தில் விட்டால் உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

● மீனுக்குப் போடும் ரொட்டியில் தின்றது போக மிஞ்சுவது அழுகி, பாசியைப் பெருக்கும். இரவெல்லாம் அந்தப் பாசியும் அழுகலும் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான்.

● மனிதர் வெட்டிய நீர்நிலையிலும் காடுபோல் உயிர் செழிக்க முடியும். பகோ வட்டாரத்தின் மோயிங்ஜி, 1878-இல் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்கக் கட்டியது; 2004-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் 'ராம்சார்' பட்டியலில் சேர்ந்த மியன்மாரின் முதல் ஈரநிலமானது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன.

உங்கள் தெருக்குளத்தைச் சீரமைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வேலை தொடங்கும் முன்பே போய்க் கேளுங்கள்: "கரையை எப்படிக் கட்டப் போகிறீர்கள்? சாக்கடையை எங்கே திருப்புகிறீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் கிடைத்தால், மிச்ச வேலையைக் கொக்கும் தட்டானும் பார்த்துக்கொள்ளும்.