சருகைக் கூட்டித் தள்ளாதீங்க... ஆறுமணிக்குருவி சாப்பிட வந்திருக்கு!

'இலையுதிர் காலம்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெளிநாட்டில் எடுத்த டூயட் பாடல்தான். மஞ்சளும் சிவப்புமாய் மரங்கள், தரையெல்லாம் சருகு, நடுவில் கோட் போட்ட ஹீரோ. அதே அக்டோபரில் நம்ம ஊர் ஜன்னலைத் திறந்தால் படமே வேறு. வெயிலில் வெளுத்துக் கிடந்த கொல்லை, நாலு மழையில் பச்சை கட்டிவிடுகிறது.

அப்படியென்றால் நமக்கு இலையுதிர் காலமே கிடையாதா? உண்டு, நேரம்தான் வேறு. குளிர் நாடுகளில் வெளிச்சமும் வெப்பமும் குறையும்போது மரங்கள் இலையை உதிர்க்கின்றன. நம் பக்கத்தில் இலை உதிர்க்கும் மரங்கள் பெரும்பாலும் தை, மாசிக்குப் பிறகு, மண்ணில் ஈரம் வற்றும்போது உதிர்க்கின்றன. ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்த பெயர் கூதிர். குளிர்காற்றும் மழையும் கைகோத்து வரும் காலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதனால் நம் தோட்டத்துக்கு இதுதான் பெரிய திருப்பம்.

இதைப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் போக வேண்டாம். வீட்டுக் கொல்லையும், பக்கத்தில் ஒரு துண்டுக் காடும் போதும்.

கொல்லையில் என்ன மாறுது?

முதலில் முருங்கையைப் பாருங்கள். இலை பழுத்துப் பொலபொலவென்று கொட்டும். தண்டில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். தொட்டால் அரிக்கும் என்று நாம் பத்தடி தள்ளி நிற்போம். ஆனால், சுடலைக்குயில் போன்ற சில குயில் இனங்களுக்கு அதுதான் விருந்து.

அடுத்து தரை. ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல் ஒன்று ஊர்ந்து போகிறதா? பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்று ஊருக்கு ஒரு பெயர் அதற்கு. பூச்சி என்று சொன்னாலும் அதற்கு எட்டுக் கால். சிலந்தியின் சொந்தக்காரர். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழை விழுந்ததும் தலைகாட்டுகிறது.

தலைக்கு மேலே தட்டான்கள். அவற்றில் மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று இருக்கிறது. அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-ல் எழுதினார். நம் மொட்டை மாடியில் சுற்றும் தட்டானுக்கு பாஸ்போர்ட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருவுக்கு வந்தால் மரமல்லி. காலையில் நடக்கப் போகிறவர்களின் காலடியில் வெள்ளைப் பூ விரித்து வைத்திருக்கும். வேலி ஓரங்களில் நம் மாநில மலரான செங்காந்தள். பச்சையாகத் தொடங்கும் இதழ், மஞ்சளாகி, கடைசியில் நெருப்பாய்ச் சிவக்கும். கார்த்திகைப்பூ என்று பெயர் வந்ததே இந்தப் பருவத்தால்தான். அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அதன் கிழங்கு கடும் விஷம்.

காட்டுக்குள் என்ன நடக்குது?

சென்னைவாசிகளுக்குக் காடு தூரத்தில் இல்லை. ஊருக்கு நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978-ல் தேசியப் பூங்காவானது. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. இவை கிழக்குக் கடற்கரையோரத்துக்கே உரிய குட்டை மரங்களும் முட்புதர்களும் நிறைந்தவை. இங்கே பல மரங்கள் ஒரேயடியாக மொட்டையாவதில்லை. பழைய இலை கொஞ்சம் கொஞ்சமாக உதிர, மரம் பச்சையாகவே நிற்கும். மழைக்காற்று வீசும்போது மட்டும் உதிர்வது கூடும். மரத்தடியில் ஈரச் சருகு மெத்தை போலச் சேரும்.

அந்த மெத்தையை நம்பி ஒரு விருந்தாளி நெடுந்தூரம் பறந்து வருகிறது.

ஆறு மணி அலாரம்

ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சிறியது, குட்டை வால். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண் வழியே கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கில் இதை 'நவரங்' என்கிறார்கள். விடியலிலும் அந்தி சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் நம் ஊரில் ஆறுமணிக்குருவி ஆகிவிட்டது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்குகிறது. பயணம் இரவில். நகரத்தின் விளக்கிலும் கண்ணாடிச் சுவரிலும் குழம்பி, களைத்துப்போய் பால்கனியிலோ கார் ஷெட்டிலோ விழுந்து கிடப்பதும் உண்டு. அக்டோபரில் 'கலர் கலரா ஒரு குருவி எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு' என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இது பழம் தின்னும் பறவை இல்லை. தரையில் தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டி, அடியில் இருக்கும் புழு பூச்சிகளைத் தின்னும். நாம் கூட்டிப் பெருக்கி, சிமென்ட் போட்டு, 'சுத்தமாக' வைத்திருக்கும் முற்றம் இதற்குக் காலி இலை. பந்தி இருக்கும், பரிமாற ஒன்றும் இருக்காது.

சருகு குப்பை இல்லை

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சருகு வேகமாக மட்கும். பூஞ்சையும் பாக்டீரியாவும், கரையான், மரவட்டை, மண்புழு எல்லாமும் சேர்ந்து இலையை மறுபடி மண்ணாக்குகின்றன. மரம் எடுத்த சத்து மரத்துக்கே திரும்புகிறது. கனமழை நேராக மண்ணில் அறைந்து அரிக்காமல் சருகு தாங்கிக்கொள்கிறது. தண்ணீர் நின்று நிதானமாக உள்ளே இறங்குகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

சருகைக் குவித்துத் தீ வைத்தால் இது அத்தனையும் புகை. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகும். தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

* வாசலையும் நடைபாதையையும் தாராளமாகக் கூட்டுங்கள். கூட்டிய சருகை மரத்தடியில், செடி மூட்டில் பரப்பிவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து சில அடி தள்ளியே இருக்கட்டும். பாம்பு, தேள் பயம் குறையும்.

* மொட்டை மாடி, சன்ஷேடு, மழைநீர்க் குழாய் வாயில் அடைக்கும் இலையைக் கட்டாயம் எடுங்கள். தேங்காய் ஓடு, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அங்கேதான்.

* சருகு மேல் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

* இரவில் தேவையில்லாத வெளிவிளக்கை அணைத்து வையுங்கள்.

* மயங்கிக் கிடக்கும் குருவியைக் கண்டால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, சத்தமில்லாத இருட்டான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மரம் இருக்கும் இடத்தில் திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

வீட்டில் பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால், ஒரு பழைய டைரியைக் கையில் கொடுங்கள். முதல் மழை என்று, பட்டுப்பூச்சி வந்தது என்று, மரமல்லி பூத்தது என்று, ஆறு மணி விசில் கேட்டது என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காயைக் குறித்து அனுப்பும் 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டத்திலும் சேரலாம். ஓர் ஆண்டுக் குறிப்பு வெறும் டைரிதான். நாலைந்து ஆண்டுகள் சேர்ந்தால், நம் தெருவின் பருவம் முன்னே பின்னே நகர்கிறதா என்று அந்த டைரியே காட்டிக்கொடுக்கும்.

நாளைக் காலை துடைப்பத்தை எடுக்கும்போது மரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருங்கள். விசில் கேட்டால், எந்த ஊர், எந்தத் தேதி என்று கமென்ட்டில் சொல்லுங்கள்!