புஸ்தகம் விடை சொல்லாத பள்ளிக்கூடம்

ஆறாம் வகுப்புப் பையனை நிறுத்தி வைத்து, பூமி என்ன வடிவம், தாவரங்களுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவான். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "புஸ்தகத்தில் போட்டிருக்கிறது" என்பான். புராணத்துக்கு அந்தப் பதில் போதும், விஞ்ஞானத்துக்குப் போதுமா?

போதாது என்று நினைத்த சிலர் 1972-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு காரியத்தைத் துவக்கினார்கள். நர்மதை நதிக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில் (2022-இல் அதற்கு நர்மதாபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) பதினாறு நடுத்தரப் பள்ளிகளை எடுத்துக் கொண்டார்கள். கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும், ரசூலியாவிலிருந்த குவேக்கர் சபையாரின் கிராம நிலையமும் இதில் முன் நின்றன. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டில்லி சர்வகலாசாலையிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து உபாத்தியாயர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள்.

அங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கொடுத்த 'பால வைஞானிக்' என்ற புஸ்தகம் விசித்திரமானது. அதில் கேள்விகள் இருந்தன, செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருந்தன, விடைகள் இல்லை. குழந்தைகள் நாலைந்து பேராகக் கூடி, சோதனையைத் தாங்களே செய்து, கண்டதை எழுத வேண்டும். ஒரே மேஜையைப் பத்துப் பேர் அளந்தால் பத்துப் பேருக்கும் ஒரே அளவு வருவதில்லை. எது சரி என்ற சண்டை எழும். அளவில் பிழை என்பது என்ன, சராசரி என்பது எதற்கு என்பதெல்லாம் அந்தச் சண்டையில்தான் பிறக்கின்றன. உபாத்தியாயர் வாயால் சொல்லி இவை ஒருநாளும் மண்டையில் ஏறுவதில்லை!

பரீட்சையிலோ புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். காப்பியடிக்க அதில் ஒன்றும் இல்லையே! குழந்தைகளின் சந்தேகங்களுக்குப் பதில் எழுத 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரையும் சிருஷ்டித்தார்கள். அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன.

உபாத்தியாயர்கள் பாடுதான் திண்டாட்டம். "எனக்குத் தெரியாது, பார்க்கலாம்" என்று வகுப்பில் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதற்காகவே அவர்களும் விடுமுறையில் பயிற்சிக்கு வந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். மாதந்தோறும் கூடிப் பேசினார்கள்.

1978-இல் இத்திட்டம் ஜில்லா முழுவதற்கும் பரவியது. அந்த வருஷம் அங்கே வந்த அரவிந்த் குப்தா என்ற இளம் எஞ்சினீயர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து உருவங்கள் செய்தார். நான்கு குச்சிகளாலான சதுரத்தை அழுத்தினால் கோணிக் கொள்கிறது. மூன்று குச்சி முக்கோணம் அசைவதில்லை. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணம் ஏன் வருகிறது என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1982-இல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் பொறுப்பேற்று, வேறு ஜில்லாக்களுக்கும் கொண்டு சென்றது. முப்பது வருஷங்கள் நடந்த இந்தத் திட்டத்தை 2002-இல் மாகாண சர்க்கார் நிறுத்தி விட்டார்கள். மற்ற இடங்களில் உள்ள வழக்கமான பாடபுஸ்தகம் திரும்பி வந்தது. பரீட்சை மார்க்கைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கவலை நம் வீட்டிலும் உண்டு. ஆனால் மூன்றே வருஷங்களில், 2005-இல், தேசியப் பாடத்திட்டச் சட்டகம் மனப்பாடத்தை விட்டொழிக்க வேண்டும் என்று எழுதியபோது, ஹோஷங்காபாத்தில் மூடிய கதவு ஞாபகத்துக்கு வராமலா இருக்கும்?

நம் வீடுகளில் இதற்குச் சாமான் இல்லாமல் போகவில்லை. ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் நீர் சிவப்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை அதில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, புளி கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். (சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) எலுமிச்சஞ் சாறு விட்டால்? மோர் விட்டால்? சோப்பு நீர் விட்டால்? குழந்தை இவற்றைக் கேட்காவிட்டால், மூன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாயார் வேறு வேலையைக் கவனிக்கப் போய்விடலாம்.