பென் டிரைவுக்குப் பூட்டு

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் போடும் நாட்களில் வில்லியனூர், பாகூர் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பென் டிரைவோடு வருகிறவர்கள் உண்டு. ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கும். அவசரத்தில் கடைக் கணினியிலேயே விட்டுவிட்டால், எடுத்தவர் எவரும் திறந்து பார்க்கலாம். முன்பே டெலீட் செய்திருந்தாலும் நிம்மதி இல்லை. பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அந்த இடத்தில் வேறொன்று பதியும்வரை கோப்பை மீட்டெடுக்க வாய்ப்புண்டு.

இதற்கு மருந்து குறியாக்கம். கோப்பை ஒளித்துவைக்காமல், அதிலுள்ள தகவல் முழுவதையும் ஒரு சாவியால் உருமாற்றிவிடுகிறது. பெல்ஜியத்தின் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்த முறையை 2001இல் அமெரிக்கா ஏஇஎஸ் என்ற பெயரில் தரமாக ஏற்றது. இதில் 256 பிட் சாவி என்றால், இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதவே 78 இலக்கங்கள் வேண்டும். அத்தனையையும் போட்டுப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். அதனால் திருட நினைப்பவர், சாவியைத் திறக்கும் கடவுச்சொல்லைத்தான் ஊகிப்பார்.

2022இல் ஜப்பானின் அமகசாகி நகரில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் குடித்துவிட்டுப் பையைத் தொலைத்தார். அதிலிருந்த பென் டிரைவில் சுமார் 4,60,000 பேரின் விவரங்கள். டிரைவில் குறியாக்கம் இருந்தது. ஆனால் கடவுச்சொல் எழுத்தும் எண்ணுமாக 13 குறிகள் கொண்டது என்று அதிகாரிகள் பேட்டியிலேயே சொல்லிவிட, ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரோடு 2022ஐச் சேர்த்தால் சரியாக 13 வருகிறதே என்று இணையத்தில் கேலி கிளம்பியது. ஊர்ப்பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும்.

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் வசதி இருக்கிறது. டிரைவின் மேல் வலது கிளிக் செய்து இயக்கலாம். அப்போது தரப்படும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் போட்ட டிரைவைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பிறர் கணினியில் திறக்க அட்மின் அனுமதி வேண்டும்.

தொலைந்துபோன டிரைவைத்தான் குறியாக்கம் காக்கும். கடைக் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்துவிட்டால், அதிலுள்ள வைரஸுக்கும் எல்லாம் தெரியும். எனவே பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே கோப்பை மட்டும் வேறொரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். பூட்டிய டிரைவில் உள்ள கோப்புகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் போய்விட்டால் உங்களாலும் அந்த டிரைவைத் திறக்க முடியாது.