லாரியா? ரயிலா? சரக்கு அனுப்புவோரின் கணக்கு

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குமுன் மாட்டு வண்டியிலும் படகிலும் கடலோரம் சேர்ந்த ஈயம் ரயிலேறியது. ரயில்வேயில் வேலை செய்த தமிழர் பலர் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். இன்று கிள்ளான் துறைமுகத்திற்குள்ளேயே தண்டவாளம் செல்கிறது. ஆனாலும் சரக்கு அனுப்புவோர் பெரும்பாலும் நாடுவது லாரியைத்தான். ஏன்?

ரயில் கட்டணம் குறைவாயிற்றே என்று கேட்கலாம். கட்டணம் வேறு, செலவு வேறு. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். துறைமுகத்திலிருந்து ஈப்போவிலுள்ள ஒரு கிடங்கிற்குக் கொள்கலன் ஒன்றை அனுப்ப லாரிக்கு 1,200 ரிங்கிட், ரயிலுக்கு 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் போனால் நிலையத்திலிருந்து கிடங்கு வரை லாரிக்கு 300, கூடுதலாக ஏற்றி இறக்க 150, தாமதத்தால் நட்டம் 100. மொத்தம் 1,350! லாரியோ நேரே கிடங்கு வாசலில் இறக்கிவிடுகிறது.

தூரம் கூடினால் கணக்கு மாறும். ஏற்றி இறக்கும் செலவு 40 கிலோமீட்டருக்கும் 500 கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கோலாலம்பூர் வரை லாரி வெல்லும்; பாடாங் பெசார் வரை ரயிலுக்கு வாய்ப்பு அதிகம்.

இதை முன்கூட்டியே கணிக்க ஆய்வாளர்கள் கணித மாதிரிகளை அமைக்கிறார்கள். கட்டணம், நேரம், தாமதம், சேதம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்று சரக்கு அனுப்புவோரிடமே கேட்கிறார்கள். நூறு பேரில் எத்தனை பேர் ரயிலை நாடுவர் என்பதே விடையாகக் கிடைக்கும். இம்முறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டேனியல் மெக்பேடனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் புதிய ரயிலில் வேலைக்குச் செல்வோர் 6.3 விழுக்காடு இருப்பர் என அவரது குழு கணித்தது. உண்மையில் ஏறியவர்கள் 6.2 விழுக்காடு!

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கிள்ளான் துறைமுகத்தையும் கோத்தா பாருவையும் இணைக்க 2017இல் தொடங்கிய கிழக்குக் கரை ரயில் திட்டம் சரக்கையும் நம்பியே தீட்டப்பட்டது. கணிப்பு தவறினால் பெட்டிகள் காலியாக ஓடும். கடன் மக்கள் தலையில் விழும். கணிப்பு சரியானால் சாலையில் நெரிசல் குறையும். லாரி ஓட்டுநர்களின் பிழைப்பு என்னாகும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்கலாம்.

ஆகவே, பெரிய நிறுவனங்களை மட்டும் கேட்டால் போதாது. மாதம் ஒரு கொள்கலன் இறக்கும் கிள்ளான் மளிகை வியாபாரியையும் கேட்க வேண்டும். அவர் கணக்கும் சேர்ந்தால்தான் கணிப்பு முழுமை பெறும்.