சீமையில் வாங்கிய இரண்டு கம்பெனிகள்

உள்ளூரில் கடை நன்றாக நடக்கிறது. வெளியூரில் இன்னொரு கடை போட்டால் பழைய கடைக்கு நல்லதா, கெட்டதா?

மளிகைக் கடைக்காரருக்கு உள்ள இந்தக் கவலை பெரிய தொழிற்சாலைகளுக்கும் உண்டு. டாட்டா குடும்பத்துக் கம்பெனிகள் இரண்டு, ஓராண்டு இடைவெளியில் இங்கிலாந்தில் பணம் போட்டன. ஒன்று இரும்புக் கம்பெனி. மற்றது லாரி, கார் செய்யும் கம்பெனி.

ஏலத்தில் வெற்றி

டாட்டா இரும்புக் கம்பெனி 1907-ல் பிறந்தது. ஜாம்ஷெட்பூரில் அதன் உலைகள் எரிகின்றன. இங்கிலாந்திலும் ஹாலந்திலும் ஆலைகள் வைத்திருந்த கோரஸ் கம்பெனி அதைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது. எலி யானையை வாங்கக் கிளம்பியது!

2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் தருவதாக டாட்டா சொன்னது. பிரேசில் கம்பெனி ஒன்று போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி கடைசியில் ஏலம் நடந்தது. பிரேசில் 603 பென்ஸ் வரை வந்தது. டாட்டா 608 கேட்டு வென்றது. மொத்த விலை சுமார் 1,200 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கடன்.

மறு ஆண்டே உலகமெங்கும் பண நெருக்கடி. ஐரோப்பாவில் இரும்பு விற்பனை படுத்தது. வட்டி படுக்குமா?

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜாம்ஷெட்பூருக்குச் சொந்தச் சுரங்கம் உண்டு. இங்கிலாந்து ஆலைகளோ இரும்புத் தாதுவை விலை கொடுத்துக் கப்பலில் இறக்க வேண்டும். சொந்தக் கிணறு இருப்பவனும் குடம் குடமாகத் தண்ணீர் வாங்குகிறவனும் ஒன்றா?

2012-13 கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் லாபம் 5,063 கோடி ரூபாய். வெளிநாட்டையும் சேர்த்தால் 7,058 கோடி ரூபாய் நஷ்டம்! வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதியதே இதற்கு முக்கிய காரணம். ஜாம்ஷெட்பூர் தொழிலாளி சம்பாதித்துத் தந்தது சீமைக் கணக்கில் கரைந்தது.

சீமைத் தொழிலாளிக்கும் சுகமில்லை. போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30-ல் அணைந்தது. பிரிட்டனில் 2,800 பேர் வரை வேலை இழக்கக்கூடும் என்று அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கம்பெனி அறிவித்திருந்தது.

கார் கதை வேறு

2008 ஜூனில் டாட்டா மோட்டார்ஸ், அமெரிக்காவின் போர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார், லேண்ட்ரோவர் கார் தொழிலை வாங்கியது. விலை 230 கோடி டாலர்.

லாரி செய்கிறவர்களுக்கு ராஜா வீட்டுக் கார் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் ஆண்டில் 2,505 கோடி ரூபாய் நஷ்டம் வந்தது. சிரிப்பு பலத்தது.

பிறகு புதிய கார்கள் வந்தன. சீனப் பணக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 2013-14-ல் டாட்டா மோட்டார்ஸின் உள்நாட்டு லாபம் வெறும் 334 கோடி. சீமைக் காரையும் சேர்த்தால் 13,991 கோடி! இரும்பில் தாய்வீடு சீமையைத் தாங்கியது. காரில் சீமை தாய்வீட்டைத் தாங்கியது.

பணம் மட்டுமா? வித்தையும் வந்தது. 2019-ல் விற்பனைக்கு வந்த டாட்டா ஹாரியர் காரின் அடித்தளம், லேண்ட்ரோவர் அடித்தளத்திலிருந்து உருவானது. செய்தது புனேயில்.

இரும்பை விலை பார்த்து வாங்குகிறார்கள். யார் செய்தது என்று கேட்பவர் குறைவு. காரைப் பெயர் பார்த்து வாங்குகிறார்கள். நெருக்கடி தீர்ந்ததும் அந்தப் பெயருக்குப் பழைய மவுசு திரும்பிவிட்டது.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாகப் புதிய டாட்டா கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சீமைக் கார்களும் அங்கே செய்யப்படும் என்று அன்று அறிவித்தார்கள்.