கம்பம் எட்டாத வயலுக்குக் கையோடு போகும் மின்சாரம்

செங்கல்பட்டு மாவட்டம் அச்சரப்பாக்கம் வட்டாரத்தில் நெல், வேர்க்கடலை, தர்பூசணி ஆகிய மூன்றும் விவசாயிகள் விரும்பிச் செய்யும் பயிர்கள். மூன்றுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. பயிர் கைக்கு வரும் நேரத்தில் இராக்காவல் இருந்தாக வேண்டும். கடலை திரண்டதும் காட்டுப்பன்றி வருகிறது. தர்பூசணி பழுத்தால் பன்றியோடு திருடனும் வருகிறான். களத்தில் கிடக்கும் நெல்லை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது.

காவல் குடிசை இருக்கும் இடத்திற்கு மின்கம்பம் வந்திருக்காது. குத்தகைக்கு நிலம் பிடித்துத் தர்பூசணி போடுகிறவர், மூன்று மாதப் பயிருக்காக மின் இணைப்பு கேட்கவும் முடியாது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களின் நிலையும் இதுவே. இரவில் வலை கட்டி வாத்துகளை அடைத்துவிட்டு, பக்கத்திலேயே கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். நரியும் நாயும் வராமல் பார்க்க விளக்கு வேண்டும். முட்டை வியாபாரியை அழைக்கக் கைப்பேசி வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது, தூக்கிச் செல்லக்கூடிய சிறிய சோலார் பேனல். கூரைமேல் நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய அமைப்பு அல்ல இது. சைக்கிளில் கட்டியோ, டிராக்டர் டிரெய்லரில் போட்டோ கொண்டு போகலாம். மாசி, பங்குனியில் தர்பூசணிக் கொல்லையிலும், பிறகு கடலைக் காட்டிலும், அறுவடையின்போது களத்திலும், மற்ற நாட்களில் வீட்டிலும் ஒரே தகடு உழைக்கும். ஆண்டு முழுவதும் வேலை வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும்.

கூடாரத்தோடு போன தகடு

வெயிலிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் சிலிக்கன் தகட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-ல் செய்து காட்டியது. அன்று அது, விழுந்த ஒளியில் சுமார் 6 சதவிகிதத்தைத்தான் மின்சாரமாக மாற்றியது. 1958-ல் வான்கார்ட் என்ற செயற்கைக் கோளில் ஏறி விண்வெளிக்குச் சென்றது. நம் நாட்டில் சாகிபாபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் 1977-ல் சோலார் செல் தயாரித்தது. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 சதவிகித அளவுக்கு மாற்றித் தருகின்றன.

தூக்கிச் செல்லும் தகடு நாடோடி மக்களுக்குப் பயன்படும் என்பதற்கு மங்கோலியா நல்ல சான்று. அங்கே ஆடு, மாடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு, கம்பளிக் கூடாரத்தைச் சுருட்டி எடுத்துச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பின்னால் மின்கம்பி போக முடியாது. 2000-ல் அந்நாட்டு அரசு ஒரு லட்சம் கூடாரங்களுக்குச் சூரிய மின்சாரம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் உலக வங்கியும் உதவியது. 2012 அளவில் இலக்கு நிறைவேறியது. தகடுகளை மானிய விலையில் கொடுத்ததோடு, பழுது பார்க்கும் நிலையங்களையும் ஆங்காங்கே அமைத்தார்கள். வாங்குவது எளிது, பழுதானால் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. நம் விவசாயிகளும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

முதலில் கணக்கு, பிறகு கடை

திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்த இடம் ஆதலால் அச்சு இறு பாக்கம் என்று பெயர் வந்தது என்பது அச்சரப்பாக்கத்தின் தலபுராணம். வண்டியின் பலம் பார்த்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோலாருக்கும் அதே விதிதான். எத்தனை வாட் தகடு என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், ஓர் இரவுக்கு எவ்வளவு செலவாகும் என்று வீட்டிலேயே கணக்குப் போட வேண்டும். பொருளின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் போதும்.

ஒரு காவல் குடிசைக்கான மாதிரிக் கணக்கு:

5 வாட் எல்.இ.டி. பல்பு, 6 மணி நேரம் – 30
12 வாட் சிறு மின்விசிறி, 6 மணி நேரம் – 72
இரண்டு கைப்பேசிகளுக்கு சார்ஜ் – 30
3 வாட் ரேடியோ, 4 மணி நேரம் – 12
ஆக மொத்தம் – 144 வாட்-மணி

ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட். ஆகவே இது ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் கம்பியிலும் பேட்டரியிலும் சூட்டிலும் கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால் தகடு நாளொன்றுக்கு சுமார் 200 வாட்-மணி தர வேண்டும். காலை முதல் மாலை வரை வெயில் அடித்தாலும், முழு வேகத்தில் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து மணி நேரத்து அளவே. நான்கு என்று வைத்துக்கொண்டால் 50 வாட் தகடு போதும். மப்பும் மந்தாரமுமான நாட்களையும் எண்ணி 75 வாட்டாக வாங்குவது நல்லது.

பேட்டரியை இரண்டு இரவுக்குத் தாங்கும்படி எடுக்க வேண்டும். 12 வோல்ட் ஈயப் பேட்டரியானால் 50 ஆம்பியர்-மணி தேவை. அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். இதன் எடை 15 கிலோவுக்கு மேல் இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையானால் 30 ஆம்பியர்-மணி போதும், எடையும் நான்கு கிலோ அளவுதான். விலை கூடுதல் என்றாலும், இடம் மாறிக்கொண்டே இருக்கும் வாத்துக்காரருக்கு இதுவே ஏற்றது. அதிகம் நகராத காவல் குடிசைக்கு ஈயப் பேட்டரியே போதுமானது.

எதற்கு உதவாது?

மோட்டார் ஓட்ட உதவாது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 3,700 வாட் வேண்டும். 75 வாட் தகடுகள் ஐம்பது இருந்தால்தான் அது கணக்குக்கு வரும். நீர் இறைக்கும் சோலார் பம்புசெட் வேறு. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத் திட்டம் உண்டு. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, சூடு தரும் அடுப்பு ஆகியவற்றுக்கும் சிறு தகடு சரிப்படாது. பேட்டரியில் இயங்கும் கைத்தெளிப்பானுக்கு சார்ஜ் ஏற்றலாம். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி தெளிப்பான் பேட்டரி சுமார் 100 வாட்-மணி கேட்கும். அன்றைய தினம் விசிறியை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

விளக்கு, விசிறி எல்லாவற்றையும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் வகையாகவே வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றினால் வழியிலேயே ஒரு பகுதி வீணாகிவிடும்.

வைக்கும் முறை

தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மூன்றடி நீளத் தகட்டின் வடக்கு முனை எட்டு அங்குலம் உயர்ந்திருந்தால் நம் பகுதிக்குப் பொதுவாகச் சரியாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் ஒன்றேகால் அடி உயர்த்தலாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் அச்சரப்பாக்கத்திற்கு நேர் உச்சியில் வரும். அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் சற்று வடக்கே இருப்பதால், அந்த மாதங்களில் தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே வைக்கலாம்.

நிழல்தான் முதல் எதிரி. தகட்டில் உள்ள செல்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஒரே ஒரு பனையோலையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும். மதகில் ஒரு கல் அடைத்துக்கொண்டால் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் குறைவது போன்றது அது. ஆகவே மரத்தடியில் குடிசை இருந்தாலும் தகடு வெட்டவெளியில் இருக்க வேண்டும்.

சூடு இரண்டாவது எதிரி. வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவிகிதம் குறையும். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரிக்குச் சூடேறினால் நூற்றுக்குப் பதினான்கு போய்விடும். எனவே தரையிலோ தகரத்திலோ படியப் போடாமல், அடியில் காற்று புகும்படி நாலு கல்லோ மரச்சட்டமோ வைக்க வேண்டும்.

வாத்து எச்சமும் களத்துத் தூசியும் படிந்தால் விடியற்காலையில் துடைக்க வேண்டும். கொதிக்கும் நடுப்பகலில் கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது. உப்பான போர்த் தண்ணீர் என்றால் காயும் முன்பே துணியால் துடைக்காவிட்டால் வெள்ளைப் படலம் தங்கிவிடும். கடப்பாக்கம், மாமல்லபுரம் போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். பேட்டரி முனைகளில் வாஸ்லைன் தடவி வைப்பது நல்லது.

இணைக்கும்போது கவனம்

தகட்டையும் பேட்டரியையும் நேராக இணைக்கக்கூடாது. இடையில் சார்ஜ் கண்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் தகடு என்று பெயர் இருந்தாலும் அதிலிருந்து 20 வோல்ட்டுக்கு மேல் வரும். முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில் இணைத்துவிட்டு, பிறகு தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் தகடு, பிறகு பேட்டரி. இந்த வரிசை மாறினால் கண்ட்ரோலர் பழுதாகலாம். பேட்டரிக்கு அருகில் பியூஸ் இருக்க வேண்டும். ஒயர் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருந்தால் வீணாவது குறையும்.

ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். அடுப்புக்கோ பீடி நெருப்புக்கோ அருகில் அதை வைக்கக்கூடாது. லித்தியம் பேட்டரியை வெயிலில் போடக்கூடாது. காற்று பலமாக அடிக்கும்போது தகட்டைப் படுக்க வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாய்மரம் போலத் தூக்கி எறியும்.

உயிருக்கு ஆபத்து

கடலைக் காட்டில் பன்றித் தொல்லை தாங்காமல், மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்போர் உண்டு. இது சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்து வயல்காரரும், சில சமயம் வைத்தவரும், அவர் வீட்டுப் பிள்ளையும் மாண்டதாகத் தமிழகத்தில் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஒரு மூட்டைக் கடலைக்கு ஓர் உயிர் ஈடாகாது.

முறையான சூரிய மின்வேலி வேறு வகை. அதில் எனர்ஜைசர் என்ற கருவி, நொடிக்கொரு தரம் கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாக அதிர்ச்சி தரும். விலங்கு மிரண்டு ஓடும், சாகாது. காவல் குடிசைக்கு வாங்கிய தகட்டையோ இன்வெர்ட்டரையோ வேலிக் கம்பியில் மாட்டி இதைச் செய்துவிடலாம் என்று யாரும் முயலக்கூடாது. மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023-ல் தமிழக அரசு விதிகள் வகுத்துள்ளது. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் வேலி போடுமுன் வனத்துறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலி போட வசதி இல்லாதவர்களுக்கு, வெளிச்சமான விளக்கும் விழித்திருக்கும் ஆளும் ஓரளவு காவல். விளக்கு இருந்தால் வரப்பில் கிடக்கும் பாம்பும் கண்ணில் படும்.

ஏமாறாமல் வாங்க

தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் அளவை அப்படியே நம்ப வேண்டாம். அளவு நாடா எடுத்து அளந்து பார்க்கலாம். நல்ல தகடு ஒரு சதுர அடிக்கு 16 முதல் 20 வாட் வரை தரும். ஆகவே 75 வாட் தகடு என்றால் நான்கு சதுர அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டு சதுர அடித் தகட்டை 100 வாட் என்று யாராவது விற்றால் அதை வாங்காமல் வருவதே லாபம். பி.ஐ.எஸ். முத்திரை, ரசீது, உத்தரவாதச் சீட்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். மடித்து வைக்கும் துணி வகைத் தகடு எடை குறைவு, ஆனால் கண்ணாடித் தகடு அளவுக்கு நாள்பட உழைக்காது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகடு பெயருக்குத்தான் வேலை செய்யும். அந்த நாட்களில் விசிறி தேவைப்படாது என்பதால், விளக்குக்கும் கைப்பேசிக்கும் மட்டும் பேட்டரியைச் சிக்கனமாகப் பயன்படுத்திக் கொள்ளலாம். நெல்லைக் கோட்டையில் சேமித்து அளந்து எடுப்பது போல, பகலில் சேர்ந்ததை இரவில் அளந்து செலவிட வேண்டும். இந்தக் கணக்கு பிடிபட்டவர்களுக்கு, மின்கம்பம் எட்டாத வயலிலும் இருட்டில் படுக்க வேண்டிய அவசியம் இராது.