ஒரே ஒருவர் போதும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று சொல்லியே பழகிவிட்டோம். குடிகாரத் தகப்பன், ஓயாத சண்டை, சோற்றுக்கே பாடு என்ற வீட்டுப் பிள்ளையைப் பார்த்தால், 'இது எங்கே உருப்படப்போகிறது!' என்று ஊரே தீர்ப்பெழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று நாற்பது ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்தவர் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். கரும்பு, அன்னாசித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களின் சந்ததிகள் நிறைந்த தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை, நாற்பது வயது வரை வெர்னரும் அவருடைய சக ஆய்வாளர் ரூத் ஸ்மித்தும் தொடர்ந்து கவனித்தார்கள்.

அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய், குடும்பச் சண்டை எனப் பல சுமைகள் ஒன்றுசேர்ந்திருந்தன. அப்படி வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள். வளர்ப்பின் வலிமை அவ்வளவு! ஆனால், மீதி 72 பேர் நன்றாகப் படித்தார்கள்; பொறுப்பும் பாசமும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள்.

எப்படி? கைக்குழந்தையாக இருந்தபோதே சிரித்து, ஒட்டிப் பழகும் சுபாவம் பலருக்கு இருந்தது. அதைவிட முக்கியமாக, அம்மா அப்பாவால் முடியாதபோது கைகொடுக்க ஒருவர் இருந்தார். சிலருக்குப் பாட்டி, சிலருக்கு அக்கா, சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அல்லது ஆசிரியர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அடுப்படியில் கைகொடுப்பது என்று வீட்டில் ஒரு பொறுப்பும் பலருக்கு இருந்தது. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்ற நினைப்பே ஒரு குழந்தையை நிமிர வைக்கும்.

தடுமாறியவர்கள் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. மேற்படிப்பு, ராணுவப் பணி, நல்ல வாழ்க்கைத் துணை என்று ஏதோ ஒரு வாசல் திறந்ததும், முப்பதுகளில் அவர்களில் பெரும்பாலோர் மீண்டார்கள். ஐந்தில் வளையாதது முப்பதில் வளைந்தது.

அப்படியானால் பிள்ளைகளின் பொறுப்பு பெற்றோரோடு முடிவதில்லை. நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. உங்கள் தெருவிலும், வகுப்பிலும், உறவிலும் அப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள், நம்பி ஒரு வேலை கொடுங்கள். நாளையும் கேளுங்கள். தீர்ப்பு எழுத ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கூட நிற்கும் அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.